ஆசானிடம் கேட்டுவிட்டேன், மக்கா

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. பிளஸ் டூ படிக்கிற மகள் ராத்திரி ஒரு மணிக்கும் விழித்திருக்கிறாள், பரீட்சை நாளில் சாப்பிட்டதெல்லாம் வாந்தி எடுக்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. ஊரிலிருந்து வர்ம எண்ணெய் வாங்கி அனுப்பச் சொன்னாயே, அதற்காகத் தக்கலைப் பக்கம், வர்மம் என்கிற உடம்பின் உயிர்நிலைப் புள்ளிகளை அறிந்து வைத்தியம் செய்கிற ஒரு ஆசானைப் போய்ப் பார்த்தேன். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் எங்கள் பள்ளியில் நடப்பதைக் கேள்.

இங்கே ரப்பர் இலை உதிரத் தொடங்கிவிட்டது. இனி மரத்தில் பால்வெட்டு நிற்கும், வீட்டில் காசு வராது. சரியாக அந்த மாதங்களில்தான் செய்முறைத் தேர்வும் பொதுத் தேர்வும். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் பால்வெட்டுக் குடும்பம். வீட்டுக் கவலையையும் பரீட்சைப் பயத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு வருகிறார்கள். போன வருஷம் நன்றாகப் படிக்கிற ஒரு பெண் வேதியியல் செய்முறையில் பிப்பெட்டைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கி அழுதாள். அதைப் பார்த்த பிறகுதான் சும்மா இருக்கக் கூடாது என்று இறங்கினேன்.

தொடக்கத்தில் தப்புச் செய்தேன். எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லி மூச்சைக் கவனிக்கச் சொன்னேன். ஒரு பையனுக்கு வேர்த்துக் கொட்டி நெஞ்சு இன்னும் படபடத்தது. பயத்தில் இருக்கிற சிலருக்குக் கண்ணை மூடி உள்ளே பார்ப்பதே பயத்தைக் கூட்டிவிடும் என்று அப்போதுதான் புரிந்தது. இப்போது கண்ணைத் திறந்தே, ஜன்னலுக்கு வெளியே தென்னையைப் பார்த்தபடி செய்கிறோம். நாலு எண்ணி மூச்சை இழுக்க வேண்டும், ஆறு எண்ணி விட வேண்டும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். மூச்சை விடும் நேரம் நீளும்போது இதயத்துடிப்பு தானாகவே தணியும், அதைச் செய்வது வேகஸ் என்கிற நரம்பு. அஞ்சு நிமிஷம் போதும். தினமும் செய்து பழகியிருக்க வேண்டும், பரீட்சை ஹாலில் போய்ப் புதிதாகத் தொடங்கினால் கைகொடுக்காது.

மூச்சுப் பயிற்சி ஒத்துவராத பிள்ளைகளுக்குத் தசையை இறுக்கித் தளர்த்துவது. எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் நூறு வருஷத்துக்கு முன்னால் வகுத்த முறை. முஷ்டியை அஞ்சு விநாடி இறுக்கி மெல்ல விட வேண்டும். அப்புறம் தோள், முகம், பாதம். பிப்பெட் பெண்ணுக்கு இதுதான் உதவியது.

லாவெண்டர் எண்ணெய் முகரலாமா என்று கேட்டிருந்தாய். பரீட்சைப் பதற்றம் குறைந்ததாகச் சில சின்ன ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் வாசனையை மறைத்து வைத்து யாரையும் சோதிக்க முடியாது, முகர்ந்த நம்பிக்கையே கொஞ்சம் வேலை செய்திருக்கலாம். அவளுக்குப் பிடித்தால் கைக்குட்டையில் ஒரு சொட்டு விடு, கெடுதல் இல்லை. ஞாபகசக்தி மாத்திரை என்று டப்பாவில் விற்பதை மட்டும் வைத்தியரைக் கேட்காமல் கொடுக்காதே. ராத்திரி குடிக்கிற கட்டன் சாயாவை, அந்தப் பால் சேர்க்காத டீயை, இன்றைக்கே நிறுத்து. சாயாவோடு உள்ளே போன கஃபீனில் பாதி, அஞ்சு மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். அவள் உறங்காததற்கு அதுவே பாதிக் காரணமாக இருக்கலாம்.

சரி, ஆசான் சொன்னது. "அடிபட்டால் உயிருக்கே ஆபத்தான படுவர்மம் பன்னிரண்டு, அடுத்த வகையான தொடுவர்மம் தொண்ணூற்றாறு. அதில் எதையும் பரீட்சைக்காக நான் அமுக்க மாட்டேன். தெரியாதவன் கையில் பிள்ளையைக் கொடுக்கவும் வேண்டாம்" என்றார். எண்ணெயும் தரவில்லை. உறங்கப் போகும்முன் அம்மாவோ அப்பாவோ உள்ளங்காலில் தேங்காயெண்ணெய் தடவி, பத்து நிமிஷம் பக்கத்தில் இருந்தால் போதும், அந்த நேரத்தில் மார்க் பேச்சு எடுக்கக் கூடாது என்றார். எனக்கு அந்தக் கடைசிச் சொல்தான் மருந்தாகப் பட்டது. எங்கள் பள்ளியிலும் அப்படித்தான், அந்த அஞ்சு நிமிஷம் யாரும் அவர்களிடம் எதுவும் கேட்பதில்லை.

ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன். இதெல்லாம் கூடச் செய்கிறவை, வைத்தியத்துக்குப் பதில் இல்லை. வாந்தி தொடர்ந்தால், சாப்பாட்டை ஒதுக்கினால், "நான் எதற்கும் லாயக்கில்லை" என்கிற மாதிரி அவள் பேசினால் ஒரு நாளும் தள்ளாதே, மனநல மருத்துவரிடம் கூட்டிப் போ. நடுராத்திரி என்றாலும் அரசின் மனநல உதவி எண் 14416க்குப் போன் போடலாம், இலவசம், தமிழிலேயே பேசுவார்கள். எங்கள் பிள்ளை ஒருவனை ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். மாத்திரையும் பேச்சுமாகத் தேறி, பரீட்சையும் எழுதினான்.

சனிக்கிழமை சாயங்காலம் நான் வீட்டில்தான் இருப்பேன். போன் போடு, அவளிடம் கொடு. மூச்சுப் பயிற்சியை நானே அவளோடு சேர்ந்து எண்ணுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்