அந்தக் கையைப் பிடித்திருந்தது நான்தான்

அன்புள்ள உனக்கு,

உன் பெயரை எழுதவில்லை. படத்தின் பெயரும் வராது. அன்று அந்த அறையில் இருந்தவர்களில் இரண்டு பேர் நான் எழுதுவதை வாசிக்கிறார்கள் என்று தெரியும். அவர்கள் யார் என்று இங்கே சொல்லமாட்டேன்.

நேற்றோடு 9 வருடம். போன வாரம், படங்களுக்கு நடிகர்களைத் தேடிப் பிடிக்கும் காஸ்டிங் வேலையை விட்டுவிட்டேன். திரைக்கதை முடிந்துவிட்டது, நானே இயக்கப்போகிறேன். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொன்னாலும் மனசு ஒப்பவில்லை.

ஆடிஷனைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டாவது டேக் முடிந்ததும் அறையே பேசாமல் இருந்தது உனக்கே தெரியும். எனக்குள் ஓடிக்கொண்டே இருப்பது நான்கு நாள் கழித்து நடந்தது. "ஒரு தடவை வந்துட்டுப் போ" என்று போனில் சொன்னேன். "சரிக்கா" என்றாய், குரலில் அத்தனை சந்தோஷம். அதை நான் திருத்தவில்லை. நீ உள்ளே வந்தபோது வேறொரு பெண் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தாள், வெள்ளை வெளேரென்று. மேக்கப்மேன் உன் முன்கையில் மூன்று ஷேடுகளைக் கோடு கோடாகத் தடவினார். எந்தக் கோடு உன் தோலோடு கலந்து மறைகிறதோ, அதைப் பூசிக்கொண்டு உன் வேடத்தில் அவள் நடிப்பாள். கை ஆடாமல் இருக்க மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது நான். உன் நாடி என் கட்டைவிரலில் அடித்தது. நடுக்கோடு மறைந்தது. "லுக் டெஸ்ட்டுக்கு ஒரு போட்டோ எடுத்துக்கோ" என்றார்கள். எடுத்தேன். கை மட்டும், முகம் இல்லாமல்.

அப்புறம் ஈரத் துணியால் துடைத்தாய். நடுக்கோடு எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்க முடியாததால் கை முழுக்கத் துடைத்தாய்.

மன்னித்துவிடு. இந்த ஒரு சொல்லை எழுத 9 வருடம் ஆனது. எனக்கு அப்போது ஆறு மாதச் சம்பளம் பாக்கி, வாயைத் திறந்தால் அந்த வேலையும் போயிருக்கும். இதைச் சொன்னால் சாக்கு என்பாய். சாக்குதான், ஆனால் பொய் இல்லை.

பின்னாளில்தான் ஆன்னா மே வோங் என்ற நடிகையைப் பற்றிப் படித்தேன். 1937-இல் வந்த 'தி குட் எர்த்' படம், சீன விவசாயக் குடும்பத்தின் கதை. அன்றைய ஹாலிவுட்டில் சீன வம்சாவளி நடிகைகளில் அவரைவிடப் பெயர் பெற்றவர் இல்லை. ஆனால் கணவன் வேடத்துக்குப் பால் முனி என்ற வெள்ளை நடிகர். இனம் மாறி ஜோடி சேர்க்கக் கூடாது என்று தணிக்கை விதி. மனைவி வேடம் லூயிஸ் ரெய்னருக்குப் போனது, ஆஸ்கரும் வாங்கினார். வோங்குக்கு நீட்டியது குடும்பத்தைக் குலைக்கும் இரண்டாம் மனைவி வேடத்தை. மறுத்துவிட்டார். அதைப் படித்த ராத்திரி எனக்கு உன்மேல்தான் கோபம் வந்தது. நீ ஏன் கையை நீட்டினாய்? உதறிவிட்டு எழுந்திருந்தால் நானும் விட்டிருப்பேனே. இதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. போன வருடம் மேடையில் சொன்னாய், "அந்த அறையில் ஒரு பெண்ணும் இருந்தாள்" என்று. அந்தத் துண்டு வீடியோவை எத்தனை பேர் எனக்கு அனுப்பினார்கள் தெரியுமா? நான்கு ஆண்கள் இருந்தார்கள். முடிவு எடுத்தவர்கள் அவர்கள். "இந்தத் தோல் லைட்டைக் குடிச்சிடும்" என்று சொன்னது ஒளிப்பதிவாளர். உன் மேடைப் பேச்சில் அவர்களைப் பற்றி ஒரு வாக்கியம்கூட இல்லை. என்னைப் பற்றி மட்டும் இருந்தது.

அந்த லைட் பேச்சை நான் நம்பினேன், அதுதான் இன்னும் உறுத்துகிறது. கலர் பிரிண்ட் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, கோடாக் பல பத்தாண்டுகள் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தைத்தான் அளவாகக் கொடுத்துவந்தது. ஷெர்லி கார்டு என்று பெயர். அளவுகோல் அவள் முகம் என்றால் உன் முகம் தப்பாகத்தானே தெரியும்? போன மாதம் என் படத்துக்கு லைட் டெஸ்ட் பார்த்தோம். நேராக லைட்டைக் கொட்டாமல், பெரிய வெள்ளைத் துணியில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைக் கறுத்த கன்னத்தில் விழவைத்தோம். எலும்பின் வளைவுகூட மானிட்டரில் தெரிந்தது. கால் மணி நேர வேலை. அந்தக் கால் மணி நேரத்தை உனக்கு யாரும் கொடுக்கவில்லை.

இயக்குநருக்கான ஆஸ்கர் முதன்முதலாக ஒரு பெண்ணுக்குக் கிடைக்கவே 2010 ஆகிவிட்டது, கேத்ரின் பிக்லோவுக்கு. அடுத்தவர் க்ளோயி ஜாவ், 2021-இல். பெண்கள் வந்தால் எல்லாம் மாறும் என்று பேட்டிகளில் சொல்கிறோம். நானும் பெண்தான், வந்துதான் இருந்தேன், உன் கையைப் பிடித்துக் கொடுத்தேன். "டாக்டர், 50 வயது" என்று மட்டும் குறிப்பு வந்தால், ஆண்களின் ஃபோல்டரைத்தான் என் கை முதலில் திறந்தது. யாரும் சொல்லித் திறக்கவில்லை.

'ஏலியன்' என்ற ஹாலிவுட் படம் 1979-இல் வந்தது. பாத்திரங்களை ஆணோ பெண்ணோ யார் வேண்டுமானாலும் நடிக்கலாம் என்று திரைக்கதையிலேயே குறித்திருந்தார்கள். அதில் முக்கியமான ரிப்ளி வேடம் சிகர்னி வீவர் என்ற நடிகைக்கு வந்தது அப்படித்தான். என் திரைக்கதையிலும் நீதிபதி, டாக்டர், ஓட்டுநர் என்று வேலையை மட்டும் எழுதியிருக்கிறேன். "அழகான" என்ற சொல்லையும் நிறத்தையும் எங்கும் எழுதவில்லை.

உனக்கு ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். படித்துப் பார், எந்த வேடம் பிடிக்கிறதோ அதைச் சொல். கடனை அடைக்கிறேன் என்று நினைக்காதே, அன்று உன் இரண்டாவது டேக்கைப் பார்த்தவள் கேட்கிறேன். வேண்டாம் என்றால் பதிலே போடாதே, புரிந்துகொள்வேன்.

ஆனால் ஒன்றுக்கு மட்டும் பதில் வேண்டும். அந்தப் போட்டோ இன்னும் என் பழைய போனில் இருக்கிறது. யாருக்கும் காட்டியதில்லை. அது உன் கை. அழித்துவிடவா, உனக்கே அனுப்பவா, நீ சொல்.

அக்கா