ஜேசிபியை ஏன் திருப்பி அனுப்பினேன்

எய்யா ராசா,

நீ கோபத்தில் போனை வைத்துவிட்டாய், அதனால்தான் எழுதுகிறேன். நம்ம நிலத்தில் மண் தள்ள வந்த ஜேசிபியைத் திருப்பி அனுப்பியது நான்தான். கிழக்கு வேலிக்கல்லுக்கு நாலடி தள்ளி ஆக்காட்டிக் குருவி முட்டையிட்டிருக்கிறது. கூடு என்று தேடினால் கிடைக்காது. மண்ணில் சின்னதாக ஒரு குழி, சுற்றிலும் கொஞ்சம் சரளைக்கல், ஆட்டுப்புழுக்கை, அவ்வளவுதான். உள்ளே மண் நிறத்தில் கறுப்புப் புள்ளி போட்ட நாலு முட்டை. நானே மிதித்திருப்பேன், தலைக்கு மேலே கத்திக் கத்திப் பாய்ந்து வந்ததால் நின்றேன். மனுசனைக் கண்டால்தான் இந்தக் கூப்பாடு. ஆடு பக்கத்தில் வந்தால் எழும்புவதில்லை, சிறகை விரித்துக்கொண்டு எதிர்த்து நிற்கிறது.

சித்திரை வெயில் உனக்குத் தெரியும், அந்தப் பொட்டலில் செருப்பில்லாமல் நிற்க முடியாது. உச்சிவேளையில் ஓடைப் பக்கம் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காருகிறது, சூடு தணிய. ஆணும் பெட்டையும் மாறி மாறி. பொரிக்க 28 முதல் 30 நாள் ஆகும், நான் பார்த்தே 12 நாள் ஆகிறது. பொரித்த குஞ்சு அன்றைக்கே எழுந்து நடந்துவிடும், அப்புறம் நீ மண்ணைத் தள்ளு, கல்லைத் தள்ளு.

உன் ஆச்சி ஊர் கூந்தன்குளத்தில் வீட்டுப் பின்பக்கத்து மரத்திலேயே மஞ்சள் மூக்கு நாரை கூடு கட்டும். வாடை தாங்காது, ஆனாலும் விரட்ட மாட்டார்கள், தீபாவளிக்கு வெடிகூடப் போட மாட்டார்கள். 1994-இல் சரணாலயம் என்று அறிவிப்பதற்கு முன்பே அப்படித்தான். எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம் என்ற கணக்கும் அதில் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

வரப்புப் பனையையும் வெட்டச் சொன்னாயே, அதில் தூக்கணாங்குருவிக் கூடு ஏழு தொங்குகிறது. ஆண் பாதி கட்டி நிறுத்தும், பெட்டை வந்து பார்த்துப் பிடித்தால்தான் மீதி. உன்னைப் போல லோன் போட்டு முழுசாகக் கட்டிவிட்டுப் பெண் தேடுகிற ஆள் இல்லை அது! கூட்டுக்குள் களிமண் அப்பி மின்மினியை ஒட்டி விளக்கு வைக்கும் என்று ஆச்சி சொன்னது கதைதான். காற்றில் கூடு ரொம்ப ஆடாமலிருக்க அந்தக் களிமண் என்கிறார்கள்.

ஜேசிபிக்காரரை வைகாசி கடைசியில் வரச் சொல்லியிருக்கிறேன். போன அட்வான்ஸ் என் கணக்கு. பனை விஷயத்தை நீ ஊருக்கு வந்தபிறகு பேசலாம்.

அப்பா