ஜியோபோன் நெக்ஸ்ட்: முன்பணம் கொடுத்தவர்களுக்கும், இனி கொடுக்க நினைப்பவர்களுக்கும்

திருத்துறைப்பூண்டி
2-11-2021

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

நாலு நாளாகக் கடையில் ஒரே கேள்விதான். டெம்பர்ட் கிளாஸ் ஒட்ட வந்தவர் கேட்கிறார், பத்து ரூபாய்க்கு டாப்-அப் போட வந்த தம்பி கேட்கிறார், பக்கத்து டீக்கடை மாஸ்டர் கிளாஸ் எடுக்க வரும்போதும் அதையே கேட்கிறார்: "ஜியோ புது போன் வந்துடுச்சா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. அதனால் எல்லாவற்றையும் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பழைய கணக்கு. இந்த 2021 ஜூன் 24 அன்று ரிலையன்ஸ் ஆண்டுக் கூட்டத்தில் முகேஷ் அம்பானி இந்த போனை அறிவித்தார். கூகுளோடு சேர்ந்து செய்கிறோம், செப்டம்பர் 10 விநாயகர் சதுர்த்திக்கு விற்பனை, இந்தியாவில் மட்டுமில்லை உலகத்திலேயே விலை குறைந்த 4ஜி ஸ்மார்ட்போன் இதுதான் என்றார். விலையை மட்டும் சொல்லவில்லை. அது போதாதா, ஆளாளுக்கு ஒரு விலை போட ஆரம்பித்துவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் 3,499 என்று ஒன்று சுற்றியது, 500 ரூபாய் கட்டினால் கையில் போன் என்று இன்னொன்று. அந்தச் சூட்டில் நானும் ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாற்பது பக்க நோட்டைத் திறந்து, பெயர் எழுதி, ஆளுக்கு 200 ரூபாய் முன்பணம் வாங்கினேன். யாரும் என்னை வாங்கச் சொல்லவில்லை. விலையே தெரியாத சாமானுக்குக் காசு வாங்கிப் போட்டது என் தப்புதான். மொத்தம் 23 பேர்.

செப்டம்பர் 10 வந்தது, கொழுக்கட்டை வந்தது, போன் வரவில்லை. உலகம் முழுக்க சிப் தட்டுப்பாடு, இன்னும் கொஞ்சம் சோதித்துப் பார்க்க வேண்டும், தீபாவளிக்குள் கொண்டுவருகிறோம் என்று நிறுவனம் சொல்லிவிட்டது. தட்டுப்பாடு பொய்யில்லை, கார் கம்பெனிகளே இந்த வருடம் அதனால் வண்டி கொடுக்க முடியாமல் தவிக்கின்றன. ஆனால் அன்றைக்குக் காலையில் குளித்துவிட்டுப் பேரனையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்த பெரியவரிடம் செமிகண்டக்டர் என்று எப்படிச் சொல்வது? அந்த வாரமே பணத்தைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தேன். 19 பேர் வாங்கிவிட்டார்கள். இன்னும் நாலு பேர் வரவேண்டும், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சரி, இப்போது விலை. போன வெள்ளிக்கிழமை, அக்டோபர் 29, அதிகாரபூர்வமாகச் சொல்லிவிட்டார்கள்: 6,499 ரூபாய். விற்பனை நவம்பர் 4, தீபாவளியன்று. முழுப் பணம் இல்லாதவர்கள் 1,999 கட்டி, அதோடு செயலாக்கக் கட்டணம் 501 கட்டி, மிச்சத்தை 18 அல்லது 24 மாதத் தவணையில் கட்டலாம். மாதத் தவணைக்குள்ளேயே ரீசார்ஜும் அடக்கம். இங்கேதான் எல்லோரும் குழம்புகிறார்கள், "மாசம் 300தானே" என்று சந்தோஷமாகத் திரும்பிப் போகிறார்கள்.

அந்த 300 ரூபாய்த் திட்டம் 24 மாதம். மாதத்துக்கு 5 ஜிபி நெட், 100 நிமிடம் பேச்சு. நூறு நிமிடம் என்றால் நாளைக்கு மூன்று நிமிடம் சொச்சம். திருப்பூரில் இருக்கும் மகளிடம் "சாப்பிட்டியா, மழை பெய்யுதா" என்று கேட்டு முடிப்பதற்குள் தீர்ந்துவிடும். வருகிற அழைப்புகளுக்குக் கணக்கு கிடையாது, மகள் கூப்பிட்டால் பிரச்சினை இல்லை. பேச்சுக்கு அளவில்லாமல், நாளைக்கு 1.5 ஜிபி நெட்டும் வேண்டும் என்றால் 24 மாதத்துக்கு மாதம் 450, அல்லது 18 மாதத்துக்கு மாதம் 500. இதற்கு மேலேயும் திட்டங்கள் உண்டு, நம் பக்கத்தில் பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும்.

இந்த 450 ரூபாயைப் பேப்பரில் போட்டுப் பார்த்தேன். 24 மாதத்துக்கு 10,800. முதலில் கட்டிய 2,500 சேர்த்தால் 13,300. இதே போனை 6,499 கொடுத்து ரொக்கமாக வாங்கி, நீங்களே 28 நாளைக்கு ஒருதரம் 199 ரூபாய் ரீசார்ஜ் போட்டால் இரண்டு வருடத்துக்கு 26 ரீசார்ஜ், 5,174 ரூபாய். மொத்தம் 11,673. வித்தியாசம் 1,627 ரூபாய். இதை நான் அநியாயம் என்று சொல்லவில்லை, கடனுக்கு வட்டி உண்டு, நம் ஊர் பைனான்ஸில் வாங்கினால் இதைவிட மோசமாகவே போகும். தவணைக் காலத்துக்குள் ரீசார்ஜ் விலை ஏறினால் கணக்கு மாறவும் செய்யும். ஆனால் 1,627 ரூபாய் கூடப் போகிறது என்று தெரிந்துதான் கையெழுத்துப் போட வேண்டும். குறுவை அறுப்புப் பணம் கையில் இருப்பவர்கள் ரொக்கமாக வாங்கிவிடுங்கள். இன்னொன்று, தவணை கட்டாமல் விட்டால் போனைப் பூட்டிவிடும் வசதி உள்ளேயே வருகிறது. எட்டாவது மாதம் போன் வாய்க்காலில் விழுந்தாலும் ஒன்பதாவது மாதத் தவணை நிற்காது.

விலையைவிடப் பெரிய விஷயம் சிம். கடையில் சண்டை வரைக்கும் போனது இதில்தான், அதனால் இதைக் கவனமாகப் படியுங்கள்.

2017-இல் வந்த பழைய ஜியோபோன், அந்தப் பட்டன் போன், ஜியோ சிம் தவிர வேறு எதையும் ஏற்காது. 1,500 ரூபாய் டெபாசிட்டுக்கு வந்ததால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புது போனும் அப்படித்தானா என்று பாதிப் பேர், இல்லை இது ஆண்ட்ராய்டு, எந்த சிம்மும் போடலாம் என்று மீதிப் பேர். இரண்டு தரப்பும் பாதி சரி. இதில் இரண்டு சிம் போடலாம். இரண்டாவது இடத்தில் ஏர்டெல், வி (வோடபோன் ஐடியா), பிஎஸ்என்எல் எதை வேண்டுமானாலும் போட்டுப் பேசலாம். ஆனால் மொபைல் நெட் ஓடுவது ஜியோ சிம்மில் மட்டும்தான். ஏர்டெல்லில் நெட் பேக் போட்டு வைத்திருப்பவருக்கு இந்த போனில் அந்த நெட் பிரயோஜனப்படாது.

டவுனில் இருப்பவர்களுக்கு இது பெரிய சங்கடம் இல்லை. முத்துப்பேட்டை பக்கமும் வேதாரண்யம் பக்கமும் உள்ளே தள்ளி இருக்கிற கிராமத்துக்காரர்கள்தான் யோசிக்க வேண்டும். இந்த 2021-இல் ஜியோவிடம் 4ஜி மட்டும்தான், 2ஜி, 3ஜி எதுவும் கிடையாது. மற்ற கம்பெனி சிம் என்றால் 4ஜி இல்லாத இடத்தில் 2ஜிக்கு இறங்கி, நெட் வராவிட்டாலும் பேசவாவது முடியும். ஜியோவில் 4ஜி போனால் பேச்சும் சேர்ந்து போகும். கஜா புயல் நேரத்தை நினைத்துப் பாருங்கள், 2018 நவம்பர் 16. அதற்கப்புறம் எத்தனை நாள் எந்த டவருக்கு உயிர் வருகிறது என்று கையில் நாலு சிம்மை வைத்து மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தோம். இந்தப் பக்கத்துக்காரன் எவனும் அதற்குப் பிறகு ஒரே சிம்மை நம்பி இருப்பதில்லை. நானும்தான்.

அதனால் இரண்டாவது சிம்மை உயிரோடு வைத்திருப்பீர்கள், அதற்கும் செலவு உண்டு. முன்பு 49 ரூபாயில் ஓடிக்கொண்டிருந்தது, இந்த ஜூலையிலிருந்து ஏர்டெல்லில் குறைந்தபட்சம் 79. 28 நாளைக்கு 79 என்றால் இரண்டு வருடத்தில் இரண்டாயிரத்தைத் தாண்டும். அதையும் கணக்கில் சேருங்கள். பழைய நம்பரையே ஜியோவுக்கு மாற்றிவிட்டால் இந்தச் செலவு மிச்சம்தான், போர்ட் போட நாங்களே உதவுகிறோம். ஆனால் மாறிய பிறகு 90 நாள் திரும்ப மாற முடியாது. அவசரப்பட்டு மாறிவிட்டு மறுநாள் வந்து "வீட்டுக்குள்ள சிக்னல் கோடே வரலைப்பா" என்று சொன்னால் என்னிடம் மருந்தில்லை.

இதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஜியோ சிம் வைத்திருக்கும் சொந்தக்காரர் யாரையாவது வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுங்கள். அவர் போனை வாங்கி அடுப்படியிலும் கொல்லையிலும் நின்று பாருங்கள், ஒரு வீடியோ ஓட்டுங்கள், ஒரு போன் பேசுங்கள். ராத்திரி எட்டு மணிக்குச் செய்யுங்கள், ஊரே சீரியல் பார்க்கிற நேரம். ஓடினால் தாராளமாக வாங்கலாம்.

இனி போனைப் பற்றி. நான் இன்னும் கையில் தொட்டுப் பார்க்கவில்லை, வெளிவந்த விவரங்களை வைத்துத்தான் சொல்கிறேன். 5.45 இஞ்ச் டிஸ்பிளே, மேலே கொரில்லா கிளாஸ் 3, ஸ்னாப்டிராகன் 215 வகை சிப், 2 ஜிபி ராம், 32 ஜிபி இடம், மெமரி கார்டு போடலாம். பின்னால் 13 மெகாபிக்சல் கேமரா, முன்னால் 8. பேட்டரி 3,500 எம்ஏஎச். முன்னால் கசிந்த தகவலில் 2,500 என்று இருந்தது, அதைப் பார்த்து "ரேடியோகூட இதைவிட நிற்கும்" என்று நானே கிண்டல் பண்ணினேன், வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். சார்ஜர் பழைய மைக்ரோ பின்தான், டைப்-சி கிடையாது. வீட்டில் கிடக்கும் பழைய சார்ஜர் உதவும் என்பது ஒரு லாபம். கேம் ஆடுகிற பிள்ளைகளுக்கு இது சரிப்படாது, 2 ஜிபி ராமில் கனமான கேம் போட்டால் ஹேங் ஆகும், அதற்குக் கடையைத் திட்டக் கூடாது.

எனக்குப் பிடித்தது வேறு. பிரகதி ஓஎஸ் என்று ஆண்ட்ராய்டை மாற்றி வைத்திருக்கிறார்கள், அதில் திரையில் இருக்கிற எழுத்தைப் படித்துச் சொல்லும் வசதி, அதையே நம் மொழிக்கு மாற்றித் தரும் வசதி இருக்கிறது. வாரத்துக்கு ஒரு தரம் ஒரு அக்கா வருவார், முந்தானையில் முடிந்த பட்டன் போனை எடுத்து நீட்டி, "ரேசன் கடையில இருந்து என்னமோ வந்திருக்கு, படிச்சுச் சொல்லு தம்பி" என்பார். படித்துச் சொல்வேன்: அரிசி இத்தனை, சர்க்கரை இத்தனை, பாமாயில் ஒன்று. பாமாயில் என்று கேட்டதும் முகம் மாறும், "அதை நான் வாங்கவே இல்லையே!" என்று அப்படியே ரேசன் கடைக்குக் கிளம்பிவிடுவார். அவருக்குக் கேமரா 13-ஆ 48-ஆ என்பதெல்லாம் எதற்கு? வாசலிலேயே நின்று அந்தச் செய்தியைக் காதால் கேட்க முடிந்தால் அவருக்கு 6,499 வீண் இல்லை. மற்ற ஆண்ட்ராய்டு போனிலும் கூகுளின் செயலிகள் படித்துச் சொல்லும், உண்மைதான், ஆனால் அது எங்கே இருக்கிறது என்று தேடித் தெரிந்துகொள்ளவே ஒரு படித்த ஆள் வேண்டும்.

பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்காகக் கேட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒன்று முதல் எட்டு வரைக்கும் நேற்றிலிருந்து பள்ளிக்கூடம் திறந்தாகிவிட்டது. ஜூனில் இருந்த அவசரம் இப்போது இல்லை. பொங்கல் வரைக்கும் பொறுத்தால் இந்த போனைப் பற்றி வாங்கியவர்களே சொல்லிவிடுவார்கள்.

வேறு என்ன இருக்கிறது என்று கேட்டால், ஏழாயிரம் பக்கத்தில் ரெட்மி 9ஏ: 6.53 இஞ்ச் டிஸ்பிளே, 5,000 எம்ஏஎச் பேட்டரி, ராம் இதே 2 ஜிபி, எந்த சிம்மிலும் நெட் ஓடும். ரொக்கம் கையில் இருந்து, ஜியோதான் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லாதவருக்கு என் ஓட்டு அதற்குத்தான். கண் மங்கியவர்களுக்கும் பெரிய டிஸ்பிளே நல்லது. அப்புறம் ஏர்டெல் போன மாதம் அறிவித்த 6,000 ரூபாய் கேஷ்பேக். கேட்க இனிப்பாக இருக்கிறது. ஆனால் குறிப்பிட்ட மாடல்களில் ஒன்றை வாங்கி, 249 அல்லது அதற்கு மேல் உள்ள பேக்கை 36 மாதம் விடாமல் போட வேண்டும். 18 மாதம் கழித்து 2,000, மூன்று வருடம் முடிந்ததும் 4,000. மூன்று வருடம் ஒரு மாதம்கூடத் தவறாமல் ரீசார்ஜ் போட்டவர்கள் என் கடை நோட்டில் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். இரண்டு கம்பெனியும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன, போனைக் காட்டி சிம்மைக் கட்டிவைக்கின்றன. கட்டுப்படுவது தப்பில்லை, எந்தக் கயிறு என்று பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

தீபாவளியன்று நம் கடையில் இருக்குமா? ஜியோமார்ட் டிஜிட்டல் கடைகள் வழியாகத்தான் விற்பனை, நாடு முழுக்க முப்பதாயிரத்துக்கு மேல் கடைகள். நம் கடையும் பதிவு செய்திருக்கிறது. எத்தனை பெட்டி வரும், அன்றைக்கே வருமா என்று பெட்டி வாசலில் இறங்கும் வரைக்கும் நான் வாயைத் திறக்கப் போவதில்லை. செப்டம்பரில் ஒருதரம் வாங்கிக் கட்டிக்கொண்டது போதும். இந்த முறை முன்பணம் யாரிடமும் வாங்கவில்லை, கொடுத்தாலும் வாங்க மாட்டேன், கடைப் பையனிடம் கொடுத்துவிட்டுப் போகவும் வேண்டாம். போன் வந்தால் ஒன்றைப் பிரித்து மேசையில் வைக்கிறேன். வாங்கினாலும் வாங்காவிட்டாலும் எடுத்துப் பாருங்கள், தமிழில் படிக்கச் சொல்லிப் பாருங்கள்.

மிச்சம் இருக்கிற நாலு பேரின் 200 ரூபாய் கல்லாப்பெட்டியில் தனிக் கவரில் இருக்கிறது. துண்டுச்சீட்டு தொலைந்திருந்தாலும் பரவாயில்லை, நோட்டில் பெயர் இருக்கிறது. நாளைக்குக் கடை ராத்திரி பத்து மணி வரை. தீபாவளியன்று காலை பத்தரைக்குத் திறந்து இரண்டு மணிக்கு மூடிவிடுவேன், மாமனார் வீட்டுக்குப் போக வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மொபைல் கடைக்காரர்