கோட்டை மலையில் பேய் வேட்டை வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் குடியிருக்கிறேன். மின்வாரியத்தில் வயர்மேனாகச் சேர்ந்து, 34 வருடம் வேலை பார்த்து, லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன். எங்கள் மொட்டை மாடியில் நின்றால் சையத் பாஷா மலையும் அதன் மேல் கோட்டைச் சுவரும் நன்றாகத் தெரியும். மூன்று மாதமாக ராத்திரி பதினோரு மணிக்கு மேல் அந்தப் பாறையில் டார்ச் வெளிச்சம் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்து வந்தேன். யாரோ வேண்டுதலுக்காகத் தர்காவுக்குப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். போன மாதம்தான் அதில் ஒரு வெளிச்சம் என் தங்கை பேரனுடையது என்று தெரிந்தது. கூடப் போன பையன் இருட்டில் படி தவறி விழுந்து கணுக்கால் உடைந்துவிட்டது. அவனைத் தோளில் போட்டுக்கொண்டு விடியற்காலை நாலு மணிக்கு என் வாசலில் வந்து கதவைத் தட்டினார்கள்.

பேய் பிடிக்கப் போனார்களாம். "அமெரிக்காவில் கெட்டிஸ்பர்க் போர்க்களத்துக்கு இதற்காகவே ஆட்கள் போகிறார்கள், தாத்தா. நம்ம ஊரிலும் போர் நடந்த கோட்டை இருக்கிறதே" என்றான் பேரன். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது கெட்டிஸ்பர்க்கில் 1863 ஜூலையில் மூன்றே நாளில் செத்தவர்கள், காயம்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் என்று சுமார் 51,000 பேர் கணக்கு. அந்த ஊரைப் பற்றி இவ்வளவு தெரிந்து வைத்திருக்கும் பையனுக்கு, வீட்டு எதிரில் நிற்கும் மலையில் என்ன நடந்தது என்று தெரியவில்லை. அதுதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது.

முதலில் பேய் பிடிக்க அவர்கள் கொண்டுபோன கருவிகளைச் சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் வாங்கிய மூன்று சாமான். ஒன்று, காந்தப்புலம் காட்டும் மீட்டர். பேய் பக்கத்தில் வந்தால் அதில் வரிசையாக விளக்கு எரியுமாம். பேரனிடமிருந்து அதை வாங்கி எங்கள் வீட்டு மெயின் போர்டு அருகே பிடித்தேன், ஐந்து விளக்கும் எரிந்தன. ஓடுகிற மிக்சி பக்கத்திலும் எரிந்தன. அவன் செல்போனை ஒட்டிப் பிடித்து, இன்னொரு போனிலிருந்து கூப்பிடச் சொன்னேன், மணி அடிக்கும் முன்பே விளக்கு துள்ளியது. வயரில் கரண்டு ஓடினால் சுற்றிலும் காந்தப்புலம் இருக்கும். டாங் டெஸ்டரை வயரில் மாட்டி ஆம்பியர் பார்ப்பதே அதை வைத்துத்தான். மலை மேல் டவர் சரியாகக் கிடைக்காத இடத்தில் போன் சிக்னல் தேடி இன்னும் பலமாக வேலை செய்யும். ஐந்து பேர் சட்டைப்பையிலும் ஐந்து போன். விளக்கு எரியாமல் என்ன செய்யும்?

இரண்டாவது, லேசர் வைத்த வெப்பமானி. "திடீரென்று ஜில்லென்று ஆன இடம்" கண்டுபிடிக்க. டிரான்ஸ்பார்மர் ஜாயின்ட் சூடேறியிருக்கிறதா என்று பார்க்க நான் வருடக்கணக்கில் பிடித்த கருவி அது. எந்தப் பரப்பின் மேல் நீட்டுகிறோமோ அதன் சூட்டைத்தான் காட்டும், காற்றின் சூட்டைக் காட்டாது. பகல் முழுக்க வெயில் குடித்த பாறையில் ஒரு எண் வரும், சுனைத் தண்ணீரில் வேறு எண் வரும்.

மூன்றாவது ஒரு ரேடியோ. நிற்காமல் ஸ்டேஷன் மாற்றிக்கொண்டே போகும். அந்த இரைச்சலில் ஆவி பேசுமாம். நம் மாவட்டமோ மூன்று மாநிலம் கூடுகிற முனை. மலை உச்சியில் தருமபுரி வானொலியும் வரும், கன்னடமும் வரும், தெலுங்கும் வரும். பாதிப் பாதியாக வெட்டுப்பட்ட விளம்பரத்தில் "வா" என்று ஒரு சத்தம் கேட்டதும் இந்தப் பிள்ளைகள் ஓட ஆரம்பித்திருக்கிறார்கள். அப்போதுதான் அந்தப் பையன் விழுந்தது.

பேய் உண்டா இல்லையா என்று வாதாட நான் வரவில்லை. எனக்கு வருத்தம் வேறு. "யாராவது இருக்கிறீர்களா? இருந்தால் தட்டுங்கள்" என்று சுவரைப் பார்த்துக் கத்தியதை வீடியோவில் காட்டினான். யாரை அப்படிக் கூப்பிட்டார்கள்?

1791 நவம்பர் 7 இரவு. திப்பு சுல்தானை எதிர்த்து ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை மூன்றாம் மைசூர்ப் போர் நடத்திய காலம். கர்னல் மாக்ஸ்வெல் என்பவர் படையோடு வந்து கீழ்க்கோட்டையையும் பேட்டையையும் பிடித்துவிட்டார். அதாவது நான் உட்கார்ந்து இதை எழுதும் இந்தப் பேட்டையை. உள்ளே இருந்தவர்கள் மேல்கோட்டைக்கு ஓட, கம்பெனிப் படை குதிகாலை மிதிக்கிற தூரத்தில் துரத்திக்கொண்டு ஏறியது. கடைசி நொடியில் மேலே கதவைச் சாத்திவிட்டார்கள். பௌர்ணமிக்கு மூன்று நாலு நாள் இருந்த வளர்பிறை நிலா. ஏணி வைத்து ஏற ஏற, மேலிருந்து பாறைகளை உருட்டினார்கள். ஏணியும் நொறுங்கியது, ஏணியில் இருந்தவர்களும் நொறுங்கினார்கள். கடைசியில் மாக்ஸ்வெல் பின்வாங்கினார். ஏணியால் முடியாததைக் கையெழுத்து செய்தது. 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் என்று அப்போது சொன்ன இந்தப் பகுதி முழுவதும் கம்பெனிக்குப் போனது. பிறகு அலெக்சாண்டர் ரீடும், அவருக்குக் கீழே தருமபுரியில் தாமஸ் மன்றோவும் வந்து வரி வசூல் பார்த்தார்கள்.

ஏணியில் ஏறியவர்களை வெள்ளைக்காரர்கள் என்றே பேரன் நினைத்திருந்தான். கம்பெனியின் சென்னைப் படையில் பெரும்பகுதி நம் ஊர்ச் சிப்பாய்கள், தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். மேலே கல் உருட்டியவர்களும் சம்பளத்துக்கு நின்ற எளிய வீட்டுப் பிள்ளைகள். அடிபட்டவன் எந்தப் பாஷையில் அம்மாவைக் கூப்பிட்டிருப்பான் என்று கேட்டேன். பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

சண்டையில் செத்தவரை எப்படி நடத்துவது என்று இந்த மண்ணுக்குத் தெரியும். என் அம்மாவின் ஊர் பர்கூர்ப் பக்கம். ஊர் எல்லையில் வேப்ப மரத்தடியில் வேடியப்பன். சின்ன வயதில் எனக்கு அது வெறும் சாமி. கையில் வில், இடுப்பில் குறுவாள், மார்பில் தைத்த அம்பு, இதெல்லாம் சண்டையில் செத்த வீரனுக்கு நட்ட நடுகல்லின் அடையாளம் என்று அரசு அருங்காட்சியகத்தில் வரிசையாக வைத்திருக்கும் கற்களைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. மாடு மீட்கப் போய்ச் செத்த ஒருவனை நூற்றாண்டுகளாகப் பொங்கல் வைத்துக் கும்பிட்டு வருகிறார்கள். அவன் பெயர் மறந்துபோனாலும் மரியாதை மறக்கவில்லை. அந்தக் கல் முன்னால் நான் ஒருமுறை கத்தி விளையாடியபோது அம்மா என் காதைத் திருகினாள். "ஊருக்காக உயிரை விட்டவருடா, மெதுவாப் பேசு" என்றாள். எழுபது வயதாகியும் அந்த இடத்தில் எனக்குக் குரல் எழும்பாது.

கோட்டை மலையில் செத்தவர்களுக்கு அப்படி ஒரு கல்லை நான் பார்த்ததில்லை. அதனால்தான் அதிகாரிகளைக் கேட்கிறேன். மலையடிவாரத்தில், ஏறும் வழி தொடங்கும் இடத்தில், 1791 நவம்பர் 7 அன்று நடந்ததைத் தமிழில் எழுதி ஒரு பலகை வையுங்கள். இரண்டு பக்கமும் செத்தவர்களைச் சேர்த்து எழுதுங்கள். இருட்டிய பிறகு யாரும் ஏறாமல் பார்த்துக்கொள்ள ஒரு காவலர் இருந்தால் நல்லது. கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். சேதப்படுத்தினால் இரண்டு வருடம் வரை சிறையோ, ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கச் சட்டம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு இது தெரியாது. பேரனின் கூட்டாளி ஒருவன், "தட்டும் சத்தம்" வந்த இடம் என்று சொல்லி மதில் கல்லில் ஆணியால் அம்புக்குறி கீறி வைத்திருக்கிறான்.

பெற்றோருக்கு ஒன்று. ராத்திரி மலையில் கண்ணாடி விரியன் இருக்கும். மூடி இல்லாத சுனைகள் இருக்கின்றன. பகல் சூட்டில் விரிந்த பாறை இரவில் குளிர்ந்து சுருங்கும்போது படபடவென்று சத்தம் வரும், கூகை அலறும். பயந்து ஓடினால் பள்ளம் எங்கே என்று தெரியாது. உங்கள் பிள்ளை ராத்திரி எங்கே என்று போன் போட்டுக் கேளுங்கள்.

கணுக்கால் உடைந்த பையன் இன்னும் கட்டோடுதான் இருக்கிறான். வருகிற நவம்பர் 7 அன்று பேரனையும் அவன் கூட்டாளிகளையும் மத்தியானம் மூன்று மணிக்கு மலைக்குக் கூட்டிப் போகிறேன். மீட்டர் வேண்டாம், பூவும் ஒரு படி பொரியும் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். ஏணி வைத்த சுவர் எது என்று தேடிப் பார்ப்போம். வர விரும்பும் பிள்ளைகள் வரலாம். ஐந்தரைக்குள் இறங்கிவிடுவோம்.

இப்படிக்கு,
மின்வாரிய ஓய்வூதியர்,
பழையபேட்டை, கிருஷ்ணகிரி.