தம்பியை ஞாயிற்றுக்கிழமை அழைத்து வா

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. உன் தம்பி குடி மறுவாழ்வு மையத்திலிருந்து வீடு திரும்பிவிட்டான் என்ற வரியை இரண்டு முறை படித்தேன். மாலை ஆறு மணியானால் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருக்கிறான் என்று எழுதியிருக்கிறாய். அந்த ஆறு மணியை நான் நன்றாக அறிவேன். இருபது ஆண்டுகளாக ஒரே வேலைக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த நேரம் திடீரென்று காலியாகிவிட்டால், மனிதன் அதை எங்கே கொண்டுபோய் வைப்பான்?

நான் மலையேறித்தான் குடியை விட்டேன் என்று உன்னிடம் யாரோ சொன்னார்களாம். அது சரியல்ல. தினமும் குடித்துப் பழகிய உடம்பில் மதுவைச் சட்டென்று நிறுத்தினால், முதல் இரண்டு மூன்று நாட்களில் வலிப்பு வரலாம். சித்தம் கலங்கி, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியலாம். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். அந்த நாட்களை நான் மருத்துவமனைக் கட்டிலில்தான் கடந்தேன். அதன் பிறகு என்னைத் தாங்கியவை, குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்கள். நடை வந்தது மூன்றாவது மாதத்தில்தான். தம்பி மாத்திரையையோ கூட்டத்தையோ விட்டுவிட்டு நடக்கக் கிளம்பினால், தயவுசெய்து தடுத்து நிறுத்து.

மூன்றாவது மாதத்தில் எனக்கு இருந்த பெரிய சிக்கல் ஞாயிற்றுக்கிழமைதான். கூட்டத்தில் பழக்கமான பெரியவர் ஒருவர், விடியற்காலையில் மதுரை அருகே உள்ள கீழக்குயில்குடி சமணர் மலைக்கு வரச் சொன்னார். எனக்குத் தயக்கமாக இருந்தது, அதன் காரணம் உனக்குத் தெரியும். நம் வயதில் மலைக்குப் போவது என்றாலே குடிக்கப் போவது என்றுதான் பொருள். 1998இல் கொடைக்கானலில் மூன்று நாள் அறை எடுத்துத் தங்கினோமே, அந்தப் பயணத்தில் நாம் பார்த்த மரம் ஒன்றையாவது உன்னால் சொல்ல முடியுமா? மலைக்காற்று முகத்தில் பட்டாலே எனக்குப் பாட்டில் நினைவு வரும். அந்த முடிச்சை அவிழ்க்காமல் ஒதுங்கியே இருந்தால், வாழ்நாள் முழுவதும் மலையைக் கண்டு அஞ்சிக்கொண்டுதான் இருக்க வேண்டும் என்று பெரியவர் சொன்னார்.

தாமரைக் குளத்தையும் ஐயனார் கோயிலையும் தாண்டிப் பாறையில் வெட்டிய படிகளில் ஏறினோம். பேச்சிப்பள்ளத்துச் சுனையருகே, ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பாறையில் அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரர் சிற்பங்களுக்கு முன்னால் மூச்சு வாங்க உட்கார்ந்தேன். மதுவை விலக்குவதை அடிப்படை ஒழுக்கமாகக் கொண்ட ஒரு சமயத்துத் துறவிகள் வாழ்ந்த இடத்தில், குடியை விட்ட எண்பத்தாறாவது நாளில் நான் உட்கார்ந்திருந்தேன். சற்றுத் தள்ளி உடைந்த பாட்டில் கண்ணாடி வெயிலில் மின்னியது. அன்றும் குடிக்கத் தோன்றியது; அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். ஆனால் அந்த வேகம் பெரும்பாலும் இருபது, முப்பது நிமிடங்களில் தானாகத் தணிந்துவிடும். வீட்டில் என்றால் அதற்குள் கடைக்குப் போய்த் திரும்பிவிடலாம். பாதி மலையில் இருப்பவனுக்கு இறங்கவே அவ்வளவு நேரம் ஆகும். இறங்கி முடிப்பதற்குள் அது கடந்துபோயிருக்கும்.

இது என் அனுபவம் மட்டுமல்ல. சிறிது நேரம் வேகமாக நடந்தாலே புகைபிடிக்கும் ஆசை தணிகிறது என்று இங்கிலாந்தில் ஆய்வு செய்தவர்கள் கண்டிருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2015இல் வெளியிட்ட ஆய்வில், இயற்கைச் சூழலில் 90 நிமிடம் நடந்தவர்களுக்குத் தன்னைத்தானே அரித்துக்கொள்ளும் எண்ணம் குறைந்தது. வாகனங்கள் ஓடும் சாலையோரம் நடந்தவர்களுக்கு அப்படிக் குறையவில்லை. குற்றவுணர்ச்சியை மென்றுகொண்டே அறைக்குள் கிடக்கும் தம்பிக்கு இது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

கால்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீண்ட காலக் குடி நரம்புகளைக் கெடுக்கும். என் உள்ளங்கால்கள் மரத்துப்போயிருந்தன. முதல் மாதம் ஷூ கடித்துக் கொப்புளம் உடைந்தது கூட வீட்டுக்கு வந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது. சத்தான உணவும் வைட்டமின் பி1 மாத்திரையும் குடியில்லாத நாட்களும் சேர்ந்து, மெல்ல மெல்லக் கொஞ்சம் உணர்வு திரும்பியது. சென்ற ஜனவரியில் கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி என்னும் மலைக்கிராமத்துக்கு இறங்கினோம். அந்த ஊரில் யாரும் செருப்பணிந்து நடப்பதில்லை என்பதால் நாங்களும் ஊர் எல்லையில் காலணிகளைக் கழற்றினோம். கல் குளிர்ந்திருந்தது. அது குளிர்ச்சி என்று என் காலுக்குத் தெரிந்தது. கொடைக்கானலை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

தேனி மாவட்டம் குரங்கணியில் பற்றிய காட்டுத் தீ 2018இல் மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட பிறகு, அனுமதியின்றிக் காட்டுக்குள் யாரும் போகக் கூடாது என்பதில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியபோது 14 மாவட்டங்களில் 40 தடங்கள் இருந்தன. வழிகாட்டிகள் உடன் வருவார்கள். தம்பிக்கு அதெல்லாம் பிறகு. முதலில் மருத்துவரிடம் இதயத்தையும் கல்லீரலையும் காட்டிச் சம்மதம் வாங்கட்டும்.

எங்கள் கூட்டத்தில் பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கிடமும் எச்சரிக்கையாக இருக்கச் சொல்வார்கள். மலை அவற்றில் இரண்டைத் தானே கொண்டுவந்து கொடுக்கும் என்பதை நான் பட்டுத்தான் அறிந்தேன். ஏறும்போது வராத சோதனை, இறங்கிய பிறகு, உடம்பு அலுத்து, மனம் வென்றுவிட்ட மகிழ்ச்சியில் இருக்கும்போது வரும். நம் ஊரில் மகிழ்ச்சி என்றாலும் குடிதானே வழக்கம்! எங்களோடு ஓராண்டு நடந்த ஒருவர் அப்படித்தான், மலையடிவாரத்திலிருந்து தனியாக வீட்டுக்குத் திரும்பிய நாளில் மீண்டும் தொடங்கினார். அதன் பிறகு, இறங்கியதும் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட்டு, ஒவ்வொருவரையும் வீட்டு வாசல் வரை விட்டுவிட்டுத்தான் பிரிகிறோம். அவரும் இப்போது திரும்பி வந்துவிட்டார். யாரும் அவரிடம் கணக்குக் கேட்கவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்குத் தாமரைக் குளத்தருகே இருப்பேன். தம்பியிடம் எதையும் விளக்க வேண்டாம். நான் கூப்பிட்டதாக மட்டும் சொல். காலுறையோடு ஷூ அணியட்டும், வெறும் வயிற்றில் வர வேண்டாம். தண்ணீரும் கடலை மிட்டாயும் நான் கொண்டுவருகிறேன். நீயும் வருவதானால், சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் பத்து மணியாகும் என்று வீட்டில் சொல்லிவிட்டு வா.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்