கேம்ப்டனில் எனக்கு ஒரு நாள்

அன்புள்ள மகளுக்கு,

மே மாதக் கடைசியில் நால்வரும் வருவது உறுதி என்று அறிந்ததும் அம்மா மிளகாய்த்தூள் இடிப்பதைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டாள். பிள்ளைகளுக்கு லண்டனில் காட்ட வேண்டியவை என்று நீ அனுப்பிய பட்டியலையும் பார்த்தேன். இராட்சத ராட்டினம், மெழுகுப் பொம்மைகள், அரண்மனை வாசலில் காவலர் மாறும் காட்சி. எல்லாவற்றையும் பாருங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் அதில் ஒரு நாளை எனக்குத் தந்துவிட வேண்டும். உங்களை இங்கிலாந்தின் கொட்ஸ்வோல்ட் மேட்டு நாட்டில் இருக்கும் சிப்பிங் கேம்ப்டன் என்ற சிற்றூருக்குக் கூட்டிப்போய், வயல்வெளியாக ஒரு சுற்று நடத்திக்கொண்டு வரப் போகிறேன்.

“புல்லையும் ஆட்டையும் பார்க்க இவ்வளவு தூரம் போக வேண்டுமா அப்பா?” என்று கேட்பாய். பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே அதைக் கேட்டவள் நீ. அந்த ஊரே ஆட்டு மயிரில் எழுந்ததுதான், பிள்ளை. கொட்ஸ்வோல்ட் மேடுகளின் கம்பளிக்கு ஒரு காலத்தில் கடல் கடந்தும் கிராக்கி இருந்தது. வில்லியம் கிரெவல் என்ற வணிகர் 1380 அளவில் கட்டிய வீடு பெருந்தெருவில் இன்னும் நிற்கிறது. 1401இல் இறந்த அவரைப் புனித ஜேம்ஸ் தேவாலயத்தில் அடக்கம் செய்து மேலே பித்தளைத் தகடு பதித்தார்கள். இங்கிலாந்துக் கம்பளி வணிகர் அனைவரிலும் மலர் போன்றவர் என்று அதில் இலத்தீனில் பொறித்திருக்கிறது. பணம் படைத்தவர்களுக்குத் தற்புகழ்ச்சியில் கூச்சம் எந்த நூற்றாண்டிலும் இருந்ததில்லை போலும்.

நடையைத் தெரு நடுவே உள்ள சந்தை மண்டபத்தில் தொடங்குவோம். 1627இல் கட்டியது. வெண்ணெய், பாற்கட்டி, கோழி விற்க வந்தவர்கள் மழையில் நனையாமல் நிற்பதற்காக எழுப்பிய இடம். உள்ளே போய் நின்று தரையைப் பார். கற்கள் தேய்ந்து மேடும் பள்ளமுமாக, ஒன்றுக்கொன்று மட்டமில்லாமல் கிடக்கும். சின்னவன் ஓடினால் விழுவான், கையைப் பிடித்துக்கொள். 1940களில் இந்த மண்டபத்தை அமெரிக்காவுக்கு விற்றுவிடும் நிலை வந்தது. ஊரார் பணம் திரட்டி வாங்கி, பழைய கட்டடங்களைப் பேணும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பிடம் ஒப்படைத்தார்கள். தூண்களின் கல்லை விரலால் தடவச் சொல்லு பிள்ளைகளை. மீன் சினை போலப் பொடி உருண்டைகள் நெருங்கி ஒட்டியிருக்கும். இதுவும் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல்தான். நம்முடைய யாழ்ப்பாணத்துக் கல்லைவிட வயதில் எவ்வளவோ மூத்தது.

அங்கிருந்து டோவர்ஸ் ஹில் என்ற மேட்டுக்கு ஏறக்குறைய 1 மைல். பாத் நகர் வரை 102 மைல் போகும் கொட்ஸ்வோல்ட் நெடும்பாதையின் முதல் மைலும் அதுவே. வீடுகள் முடிந்ததும் ஓர் ஒழுங்கை, பிறகு வயல். அந்த வயலைப் பற்றித்தான் உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பொது நடைபாதையைக் காட்டும் மஞ்சள் அம்பு போட்ட கம்பத்தைக் கண்டாலும் உள்ளே கால் வைக்கத் தயங்குவேன். அடுத்தவர் காணி. நம் ஊரில் படலையில் நின்று குரல் கொடுக்காமல் யார் வளவுக்குள் போவோம்? பிறகுதான் தெரிந்தது, காணி அவருடையது, பாதை எல்லோருடையதும் என்று. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இப்படிப்பட்ட பொது நடைபாதைகளை வரைபடத்தில் பதிந்து வைத்திருக்கிறார்கள். கமக்காரர் வயலை உழுதால் 14 நாட்களுக்குள் பாதையை மீண்டும் போட்டுத் தர வேண்டும். பயிர் நடுவே குறைந்தது 1 மீட்டர் அகலம் விட வேண்டும். காணியின் சொந்தக்காரர் பிரபுவாக இருந்தாலும், நான் அவருடைய கோதுமைக்குள் தலை நிமிர்ந்து நடந்து போவேன். அவரும் எதிரே வந்தால் காலை வணக்கம் சொல்வார். சொந்தக் காணிக்குள் போவதற்கே அனுமதி கேட்டு வருடக்கணக்காக வரிசையில் நின்ற ஊரிலிருந்து வந்தவனுக்கு இது சின்ன விடயமாகத் தெரியவில்லை. என் பேரப்பிள்ளைகள் அந்த வயலில் ஒருமுறையாவது நடக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் இதுதான். வேறு எந்தக் காட்சிக்காகவும் அல்ல.

மேட்டின் உச்சியில் நின்றால் ஈவ்ஷம் பள்ளத்தாக்கு முழுவதும் கீழே கிடக்கும். வானம் தெளிந்திருந்தால் அப்பால் மோல்வர்ன் குன்றுகளும் தெரியும். ரொபர்ட் டோவர் என்ற வழக்கறிஞர் 1612 அளவில் இங்கே ஒரு விளையாட்டு விழாவைத் தொடங்கினார். ஒலிம்பிக் என்று அதற்குப் பெயர் வைக்கும் துணிச்சலும் அவருக்கு இருந்தது. பொது நிலத்துக்கு வேலி போட்டுப் பங்கிட்ட காலத்தில், 1852உடன் விழா நின்றுபோனது. 20ஆம் நூற்றாண்டில் மறுபடி உயிர் கொடுத்தார்கள். மே கடைசித் திங்கள் விடுமுறைக்கு அடுத்த வெள்ளி மாலை நடக்கும். உன் பயணத் தேதியைப் பார்த்துக்கொள். கால்சட்டைக்குள் வைக்கோலைத் திணித்துக்கொண்டு ஒருவர் முழந்தாளுக்குக் கீழே மற்றவர் உதைத்து விழுத்தும் போட்டி ஒன்று இருக்கிறது. மூத்தவனுக்கு நிச்சயம் பிடிக்கும். வீட்டுக்கு வந்து தம்பியிடம் பழகிப் பார்ப்பான் என்பதுதான் பயம்.

மேட்டிலிருந்து தெற்கே இறங்கி, வெஸ்டிங்டன் பக்கமாக வளைந்து, பிரோட் கேம்ப்டன் என்ற குக்கிராமத்துக்குப் போவோம். அங்கே நோர்மன் சப்பல் என்று ஒரு வீடு. 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயமாக இருந்து பாழடைந்து கிடந்ததை, சி. ஆர். ஆஷ்பி என்ற கட்டடக் கலைஞர் 1905க்குப் பிறகு வீடாக்கினார். யாருக்காக என்று நினைக்கிறாய்? கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசுவாமிக்காக.

பெயர் நீ கேள்விப்பட்டதுதான். தந்தை கொழும்பில் பெரும்புள்ளியான சேர் முத்து குமாரசுவாமி; அவர் இலங்கைத் தமிழ்த் தலைவர்களான பொன்னம்பலம் இராமநாதன், அருணாசலம் சகோதரர்களின் தாய்மாமன். தாய் எலிசபெத், ஆங்கிலேயப் பெண். 1877இல் பிறந்து, இரண்டு வயது நிரம்பும் முன்பே தந்தையை இழந்து, இங்கிலாந்தில் வளர்ந்தார். பள்ளிக்கூடமும் இதே குளொஸ்டர்ஷயரில்தான். நிலவியல் படித்துவிட்டு இலங்கைக்குக் கனிம ஆய்வாளராகப் போனவர், கல் தேடி ஊர் ஊராக அலைந்தபோது வேறொன்றைக் கண்டார். கண்டி நாட்டின் தச்சரும் கன்னாரும் நெசவாளரும் பரம்பரைத் தொழிலைக் கைவிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களை ஆதரித்த கண்டி அரசு போய்விட்டது. ஆலைச் சரக்கு வந்து குவிந்தது. 1907இல் இங்கே திரும்பி, இந்த வீட்டில் அச்சு இயந்திரத்தை வைத்துக்கொண்டு, இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய தமது பெரிய நூலை 1908இல் அச்சிட்டு முடித்தார். அச்சிட்டது கை அச்சு இயந்திரத்தில். கைவினையைப் போற்றிய ஆங்கிலக் கலைஞர் வில்லியம் மொரிஸ், பழைய ஆங்கிலக் கவிஞர் சோசரின் நூலைப் பதிப்பிக்கப் பயன்படுத்திய அதே இயந்திரம். மொத்தம் 425 பிரதிகள். வெள்ளைக்காரர் ஆட்சி கண்டிக் கைவினையை எப்படிச் சிதைத்தது என்ற கதை, வெள்ளைக்காரரின் நாட்டுப்புறத்தில், ஒரு தமிழர் மகனின் வீட்டில் அச்சேறியது. முதன்முதலில் இதைப் படித்த அன்று உன் அம்மாவை உட்கார வைத்துச் சொன்னேன். “சரி, கை கழுவிவிட்டுச் சாப்பிட வாருங்கள்” என்றாள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: அது இன்றைக்குத் தனியார் வீடு. உள்ளே போக முடியாது, படலையில் நின்று எட்டிப் பார்ப்பதும் மரியாதை இல்லை. ஒழுங்கையில் நடந்தபடி பார்ப்பதோடு சரி. மருமகன் படம் எடுக்கும் வேகத்தைக் கொஞ்சம் அடக்கி வை.

பிரோட் கேம்ப்டனிலிருந்து வயல் வழியாக இன்னொரு மைல் நடந்தால் கேம்ப்டனுக்குத் திரும்பிவிடலாம். அங்கே ஷீப் தெருவில் பழைய பட்டு ஆலை. 1902இல் ஆஷ்பி தமது கைவினைச் சங்கத்தை லண்டன் கிழக்குப் பகுதியிலிருந்து இந்த ஆலைக்குக் கொண்டுவந்தார். வெள்ளித் தட்டார், கொல்லர், தச்சர், அவர்களின் மனைவி மக்கள் என்று ஒரு கூட்டமே குடிபெயர்ந்தது. ஆலைச் சரக்குக்கு முன் கைத்தொழில் தலை தூக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். குமாரசுவாமியும் ஆஷ்பியும் ஒருவரை ஒருவர் புரிந்துகொண்டதில் வியப்பில்லை. 1908இல் சங்கம் நொடித்துப்போனது. நல்ல நோக்கம் கடனை அடைக்காது. ஆனாலும் சிலர் ஊரைவிட்டுப் போகவில்லை. வெள்ளி வேலை செய்யும் ஹார்ட் குடும்பத்தின் பட்டறை அதே ஆலையின் மாடியில் இன்றும் நடக்கிறது. அறைக்கூரையிலிருந்து பழைய பற்றுச்சீட்டுகள் கற்றை கற்றையாகத் தொங்கும். கீழே மேசையில் சுத்தியல்கள். இது லண்டன் மெழுகுப் பொம்மையைவிட மேல் என்பது என் கட்சி. பிள்ளைகள் எதிர்க்கட்சியாக இருக்கட்டும்.

மொத்தம் ஐந்தாறு மைல் வரும். சின்னவன் பாதியில் தூக்கச் சொல்வான், உன் கணவர் தூக்கட்டும்; என் தோள் இப்போது அதற்கு ஆகாது. ஆடு மேயும் வயல்களில் படலையைத் திறந்தவர் மூடிவிட்டே வர வேண்டும் என்று இப்போதே சொல்லி வை. மழை பெய்திருந்தால் சேறு இருக்கும், வெள்ளைச் சப்பாத்தோடு வர வேண்டாம். கேம்ப்டனுக்குப் புகையிரதம் இல்லை. லண்டன் பாடிங்டனிலிருந்து மோர்ட்டன் இன் மார்ஷ் வரை வந்தால் நான் காரோடு நிற்பேன். பஸ்ஸும் இருக்கிறது, ஆனால் ஞாயிற்றுக்கிழமையில் அதை நம்பி இறங்காதே.

பிள்ளைகளின் கால் அளவை எழுதி அனுப்பு. மழைச் சப்பாத்து இங்கே மலிவு, நான் வாங்கி வைக்கிறேன். மதியத்துக்கு அம்மா சோறு கட்டித் தருவாள். டோவர்ஸ் ஹில்லில் காற்று பலமாக இருக்கும், ஆகையால் குழம்பு வேண்டாம், பிரட்டல் கறி போதும் என்று நீயே அவளிடம் சொல்லிவிடு. நான் சொன்னால் எடுபடாது.

அன்புடன்,
அப்பா