பிக்கப் டிரக்கின் மைலேஜ் சீட்டு: அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வி8 (எட்டு சிலிண்டர்) பெட்ரோல் பிக்கப்பில் பாதி சிலிண்டரை நிறுத்தி ஓட்டினால் எரிபொருள் மிச்சமாகுமா? ஆகும். லோடு இல்லாத வண்டி, சமமான சாலை, மிதமான வேகம் மூன்றும் சேர்ந்தால். பாரம் குறைவாக இருக்கும்போது எஞ்சினுக்குள் காற்றை விடும் த்ராட்டில் கதவு முக்கால்வாசி மூடியே கிடக்கும். அந்த இடுக்கு வழியே காற்றை இழுக்கவே எட்டு பிஸ்டன்களும் சக்தியைச் செலவழிக்கும். நான்கை நிறுத்தினால், மற்ற நான்குக்காக த்ராட்டில் அகலத் திறக்கும். அந்த விரயம் குறையும். டிரெய்லரை மாட்டி மேடு ஏறும்போதோ எட்டும் உழைத்தாக வேண்டும். அங்கே மிச்சம் ஏது?

புது வண்டியின் கண்ணாடியில் ஒட்டும் மைலேஜ் சீட்டின் எண்கள் உங்கள் சோதனைகளிலிருந்து வருகின்றன. அவற்றில் நெடுஞ்சாலைச் சோதனையின் சராசரி வேகம் மணிக்கு 48 மைல், உச்சம் 60. சீட்டுக் கணக்கில் 80 மைல் வரை போகும் சோதனையும் 2008 முதல் சேர்ந்தது, சரி. டிரெய்லர் எதிலும் இல்லை. பாரத்தோடு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 8,500 பவுண்டைத் தாண்டிய பிக்கப்புக்குச் சீட்டே கிடையாது!

இனி செலவுப் பக்கம். செவர்லே சில்வராடோவின் 5.3 லிட்டர் ஏஎஃப்எம் (பாரம் குறைந்தால் பாதி சிலிண்டரை நிறுத்தும் ஏற்பாடு) எஞ்சினில் 1, 4, 6, 7 சிலிண்டர்கள் நிற்கும். சோலனாய்டு (மின்சாரத்தால் இயங்கும் வால்வு) ஆயில் அழுத்தத்தைத் திறந்துவிட, கேமின் அசைவை வால்வுப் பக்கம் கடத்தும் லிஃப்டருக்குள் இருக்கும் பூட்டு ஊசிகள் உள்வாங்கும். வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் சுற்றினாலும், லிஃப்டருக்கு மேலே உள்ள புஷ்ராடு அசையாது; வால்வு மூடியே இருக்கும். அழுக்கு ஆயிலாலோ குறைந்த அழுத்தத்தாலோ ஊசி பாதியில் சிக்கினால் முதலில் டிக் டிக் சத்தம், பிறகு மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாது. அப்படியே ஓட்டினால் லிஃப்டரின் ரோலர் கேமைத் தின்றுவிடும். லிஃப்டரை எடுக்க, சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டையே கழற்ற வேண்டும். புது கேஸ்கெட், புது ஹெட் போல்ட், பெரும்பாலும் புது கேம். ஆயில் பிரஷர் சென்சாருக்கு அடியில் உள்ள சின்னச் சல்லடையைப் பார்க்காமல் மூடினால் வேலை திரும்பி வரும்.

உங்கள் சீட்டு ஆண்டுக்கு 15,000 மைல் என்று கணக்கிடுகிறது. கேலனுக்கு 17 மைல் கொடுத்த வண்டி 18 கொடுத்தால் மிச்சம் 49 கேலன்; கேலன் 3 டாலர் என்றால் 147 டாலர். ஒரு லிஃப்டர் வேலை பல வருட மிச்சத்தை விழுங்கிவிடும்.

புது மாடலில் கியர்பாக்ஸும் டயரும் கூடவே மாறுவதால், கூடிய மைலேஜில் சிலிண்டர் நிறுத்தத்தின் பங்கு எவ்வளவு என்று சீட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. எனவே ஒரே வண்டியை அந்த வசதியோடும் அது இல்லாமலும், காலியாகவும் 5,000 பவுண்டு டிரெய்லரோடும் ஓட்டி, நான்கு எண்களையும் சீட்டில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
பிக்கப் எஞ்சின் மெக்கானிக்குகள் சிலர்